வெள்ளவத்தையில் கேட்கக் கூடாத கேள்வி

கொழும்பில் வாடகைக்கு வீடு பார்க்க எனக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. நோர்வேயில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அதற்கு மேல் விடுப்புத் தரவில்லை. வீடு எனக்கல்ல, அக்காவுக்கு. யாழ்ப்பாணத்து டொக்டர் அவளுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று சொல்லி மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்திருந்தார். குறைந்தது ஆறு மாதம் கொழும்பில் தங்கி மருந்தேற்ற வேண்டும். அக்கா கடிதத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு மூன்று வாரம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பிறகு தொலைபேசியில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீ வீடு பார். ஆனா ஒண்டு கேட்டுப்போட்டு எடு. எனக்கு ஏதும் நடந்தா ஆஸ்பத்திரியிலயிருந்து என்னை அந்த வீட்டுக்குக் கொண்டுவர விடுவினமோ எண்டு கேள். ஓம் எண்டா வாறன். இல்லையெண்டா எனக்கு மருந்தும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

அக்கா முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள். அவளோடு வாதாடி நான் ஒருநாளும் வென்றதில்லை.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் அம்மா. போரில் எங்கள் ஊர் மயிலிட்டியிலிருந்து எல்லோரும் உடுத்த உடுப்போடு ஓடிய காலத்தில் நான் ஏற்கெனவே நோர்வேக்குப் போய்விட்டேன். அம்மாவும் அக்காவும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அங்கே, ஏழாம் வகுப்பு அறையில், இன்னும் நான்கு குடும்பங்களுக்கு நடுவே அம்மா இறந்துபோனாள். அக்குடும்பங்கள் பிள்ளைகளோடு வெளியே வெயிலில் நிற்க, மாணவர் இருக்கும் வாங்குகளைச் சேர்த்துப் போட்டு அம்மாவைக் கிடத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பசி எடுக்கும் என்று அவசர அவசரமாகத் தூக்கினார்கள். எங்கள் வீடு இருந்த நிலம் போர் முடிந்த பிறகும் இராணுவ முட்கம்பிக்குள்தான் கிடந்தது. அக்கா மானிப்பாயில் ஓர் அறை எடுத்து இருந்தாள். அதனால் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று நான் சொல்லவும் வழியில்லை. கொண்டுபோக வீடு இல்லை.

முதல்நாள் வெள்ளவத்தையில் இறங்கியதும் சைவக்கடை ஒன்றில் தோசை சாப்பிட்டேன். நான் இருக்கும் பேர்கன் நகரத்து மழையில் இருபது வருடத்துக்கு மேல் நனைந்த உடம்புக்கு அந்த வெயில் அடி போட்டதுபோல் இருந்தது. பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் வாடகையைப் பற்றித்தான் கதைத்தார்கள். எதிர் மேசையிலும் அதுவேதான். வெள்ளவத்தையின் பிரதான வீதியான காலி வீதியில் யாழ்ப்பாணத்தையே பெயர்த்து அடுக்குமாடிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள் போலும், கீழே புடவைக் கடை, மேலே மனிதர்கள்.

தங்கியிருந்த லொட்ஜ் முதலாளி, வீட்டுத் தரகர் ஒருவரைப் பிடித்துத் தந்தார். நௌஷாத் நானா. மாளிகாவத்தை முஸ்லிம் மனிதர், ஐம்பது வயதிருக்கும், எல்லோருக்கும் அண்ணன் முறையில் நானா. ஆட்டோவும் அவரே ஓட்டுவார், தரகும் அவரே பார்ப்பார். ஒரு கையால் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டே மறு கையால் தொலைபேசியில் மூன்று வீட்டுக்காரர்களுக்கு நேரம் குறித்தார்.

"எத்தன பேர் தங்கச்சி? மீன் மச்சம் சமைப்பீங்களா? கீழ் ஊடா, மேல் ஊடா?" என்று கேட்டார்.

"அக்காவும் துணைக்கு ஒரு ஆளும். மச்சம் சமைப்பினம். அக்காவுக்குச் சுகமில்லை," என்றேன். அக்காவின் கேள்வியை அவரிடம் சொல்லவில்லை.

நோர்வேயில் வீடு பார்ப்பது வேறு மாதிரி. குறித்த நேரத்துக்குக் கதவு திறந்திருக்கும். சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, மேசையில் இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுற்றி வரலாம். நீ யார், எந்த ஊர், இன்னாருக்கு என்ன முறை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் ஒரு தாளில் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். தண்ணீர் எந்நேரமும் வருமா. மின்மானி தனியா. லிப்ட் வேலை செய்யுமா. கடைசியில் அக்காவின் கேள்வி.

இரண்டாம் நாள் முதல் வீடு ஐந்தாம் மாடி. ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவருடையது. கடல் தெரிந்தது. மனிதர் தேநீர் தந்து, தண்ணீர்த் தாங்கி பற்றியும் லிப்ட் பற்றியும் பொறுமையாக விளக்கினார். நான் தாளைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்டேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, நீங்கள் எங்கையிருந்து வாறியள்?"

"நோர்வே."

"அதுதான்," என்றார். "இஞ்சை ஒருத்தரும் பிளட்டுக்குப் பிரேதம் கொண்டுவாறேல்லை. லிப்டிலை நிமித்தியே கொண்டு போறது? ஆஸ்பத்திரியிலயிருந்து நேரா மலர்ச்சாலை, அங்கயிருந்து கனத்தைச் சுடலை. எல்லாருக்கும் வசதி. என்ர மனுசியையும் அப்பிடித்தான் செய்தது."

அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் காது சூடாகியது. மலர்ச்சாலை என்றால் குளிரூட்டிய மண்டபம். வரிசையாக நாற்காலிகள், பக்கத்து மண்டபத்தில் வேறொருவரின் சாவு, நேரம் முடிந்ததும் கதவடைப்பு. அக்கா அதைத்தான் சொன்னாள், இன்னொரு வகுப்பறை வேண்டாம் என்று.

அன்று இன்னும் மூன்று வீடு பார்த்தேன். ஒரு வீட்டு அம்மா நான் கேட்டு முடிக்க முன்னரே "சிவ சிவா" என்று எழுந்து சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். இன்னொருவர், வீடு நேற்றே போய்விட்டது என்றார். பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் வீட்டுத் திறப்பு எந்த நாள் தரலாம் என்று கதைத்தவர். நௌஷாத் நானா ஒவ்வொரு தடவையும் கீழே ஆட்டோவில் காத்திருந்தார். நான் இறங்கி வரும் முகத்தைப் பார்த்தே ஆட்டோவைக் கிளப்பினார்.

"தங்கச்சி, நல்ல ஊடெல்லாம் ஏன் இப்பிடிக் கை நழுவுது? நோயாளி எண்டு செல்லாதீங்க. விசாவுக்கு இருக்கிறம் எண்டு செல்லுங்க. வெள்ளவத்தயில பாதிப் பேர் விசாவுக்குத்தான் ஈக்கிறாங்க."

மூன்றாம் நாள் நானாவுக்கு வேறு வேலை இருந்தது. நான் தனியாகப் பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டிக்குப் போக வேண்டியவள், வீதியின் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பாராமல் ஏறித் தெஹிவளையைத் தாண்டிவிட்டேன். கொண்டக்டர் பின்னாலிருந்து, "அக்கே, முன்னால போங்க, இன்னும் நாலு பேர் நிக்கலாம்," என்று சிங்களத்தில் கத்தினார். நாலு எலும்புக்குக்கூட அங்கே இடமில்லை. இருக்கையில் இருந்த ஒரு சிங்களப் பெண்மணி என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். எங்கே போகிறேன் என்று கேட்டார். தேய்ந்துபோன சிங்களத்தில் சொன்னேன்: வீடு தேடுகிறேன், அக்காவுக்கு, மகரகமவில் மருந்து.

"என் அம்மாவும் அங்கேதான்," என்றார் அவர். "செத்த பிறகு களனியில் எங்கள் வீட்டில் மூன்று நாள் வைத்திருந்தோம். பக்கத்து வீட்டார் அடுப்பு மூட்டவிடவில்லை, அவர்களே சாப்பாடு கொண்டுவந்தார்கள்." அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பொறாமையாக இருந்தது. செத்தவீட்டுக்கும் பொறாமைப்படலாம் என்று அந்தப் பஸ்ஸில்தான் தெரிந்துகொண்டேன்.

நான்காம் நாள் பாமன்கடையில் ஓர் இணைவீடு. ஒரே மதிலுக்குள் முன்னால் பெரிய வீடு, பக்கவாட்டில் இரண்டு அறையும் ஒரு கூடமும். வீட்டுக்கார அன்ரி வட்டுக்கோட்டைக்காரி. பொழுது மத்தியானம் என்றபடியால் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று நின்றார். புட்டும் விளைமீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும். அந்தக் குழம்பில் எங்கள் ஊர்த் தூள் மணத்தது. நான் நானா சொல்லித் தந்ததைச் சொன்னேன்: ரீச்சராக இருந்த அக்கா நோர்வே விசாவுக்கு வருகிறாள்.

"அப்ப நல்லதாப் போச்சு. மாசி மாசம் என்ர மகளுக்குக் கலியாணம். வளவிலதான் பந்தல். உங்கட அக்காவும் ரீச்சர் எண்டால் பலகார வேலையில எங்களுக்குப் பக்கத்திலை நிப்பா," என்றார் அன்ரி. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். கூறைச் சேலையையும் விரித்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை நல்ல நாள், பால் காய்ச்சலாம் என்று பேசி முடித்துக்கொண்டு வெளியே வந்தேன். தாளில் இருந்த கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் அக்கா தொலைபேசி எடுத்தாள்.

"வீடு சரியே?"

"ஓம் அக்கா. கூடம் இருக்கு. கொல்லையில முருங்கை நிக்குது."

"கேட்டனியோ?"

நான் ஓம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. எங்கள் முதியோர் இல்லத்தில் யாராவது இறந்தால் நாங்கள் யன்னலைத் திறந்து, கதவடியில் மெழுகுதிரி ஏற்றி, உறவினர் வரும்வரை கூடவே இருப்போம். முன்பின் தெரியாத நோர்வேக் கிழவிகளுக்கு அதைச் செய்திருக்கிறேன். சொந்தத் தமக்கைக்கு மட்டும் ஒரு பொய்யைச் சொல்லி, அவள் கண்மூடிய பிறகு மலர்ச்சாலையில் கிடத்தலாம், அவளுக்கா தெரியப்போகிறது என்று அரை நிமிடம் நினைத்தேன். நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"இன்னும் கேக்கேல்லை," என்றேன்.

"கேள்," என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் பாமன்கடைக்குப் போனேன். அன்ரி வாசலில் மா அரித்துக்கொண்டிருந்தார். விசா பொய் என்று முதலில் சொன்னேன். பிறகு நோயைச் சொன்னேன். பிறகு அக்கா கேட்கச் சொன்னதையும் சொன்னேன். அவர் அரிதட்டை வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மா என் மணிக்கட்டெல்லாம் ஒட்டியது.

"பிள்ளை, நான் உங்களைப் பிழை சொல்லேல்லை. ஆனா பந்தல் போட்ட வளவுக்கை ஒரு செத்தவீடு நடந்தா, அந்தப் பிள்ளையின்ரை வாழ்க்கையிலை நாளைக்கு என்ன நடந்தாலும் சனம் அதைத்தான் சொல்லும். அவள் தேப்பனில்லாத பிள்ளை."

அவர் அழுதார். நானும் அழுதேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. பொய் சொல்லி உள்ளே போயிருந்தால் அந்தப் பெண்ணின் தலையில் நான் மண் அள்ளிப் போட்டிருப்பேன். போகும்போது அன்ரி அக்காவுக்கென்று மிளகாய்த்தூள் ஒரு போத்தல் கட்டித் தந்தார்.

ஆட்டோவில் ஏறியதும் நௌஷாத் நானா கேட்டார், "பால் காய்ச்ச எத்தின மணிக்கு வரணும் தங்கச்சி?"

இனி மறைத்து என்ன. அவரிடமும் முழுவதையும் கொட்டினேன். அவர் கிருலப்பனைச் சந்தியில் ஆட்டோவை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். பின்னால் வந்த பஸ்காரன் அவருடைய பரம்பரையைச் சிங்களத்தில் விசாரித்துக்கொண்டு போனான். நானா அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு என்மேல்தான் கோபம்.

"இத மொதநாளே செல்ல ஏலாதா? எங்கடவங்க மௌத்தானா எங்க இருந்தாலும் ஊட்டுக்குத்தான் கொண்டு வருவம். குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில கபனிட்டு, ஊட்டு வாசலால எடுத்தாத்தான் மனசு ஆறும். ஒங்கட ராத்தா கேட்டது என்ன பெரிய குத்தமா? கார் நிப்பாட்ட எடம் வேணும் எண்டா நான் அதுக்குத் தக்கன தேட மாட்டேனா? அதப் போலத்தான் இதுவும். வெள்ளவத்தயில பிளட்டுக்குள்ள போய் இதக் கேட்டா எவன் தருவான்? கொட்டாஞ்சேனைக்குப் போகணும். அங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க இன்னும் ஊட்டுலதான் வைக்கிறாங்க."

ஐந்து நாட்கள் நான் பூட்டி வைத்திருந்ததை அவர் இரண்டு நிமிடத்தில் ஒரு தேவையாக மாற்றிவிட்டார். தண்ணீர், மின்சாரம், செத்தவீடு. அங்கேயே நின்று மூன்று பேருக்குத் தொலைபேசி எடுத்தார். "கீழ் ஊடு. முன்வாசல் அகலம் வேணும். சைவ ஆக்கள். ஓ, அதுக்குத்தான். ஒளிக்காமச் செல்றன்."

அடுத்த இரண்டு நாட்கள் கொட்டாஞ்சேனை. துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் நெரித்துக்கொண்டு போகும் வீதிகள், தேவாலய மணி, மீன் வாடை, கோயில் மேளம், பேக்கரியில் மீன் அடைத்த மாலுபாண் சுடச்சுட. வெள்ளவத்தையின் பளபளப்பு இங்கில்லை. மகரகமவுக்குத் தூரமும் கூட, நெரிசலில் ஒன்றரை மணித்தியாலம் என்று நானா எச்சரித்தார். பார்த்த இரண்டு வீடுகளில் ஒன்று இருட்டு. மற்றதில் மழை ஒழுகியது. அவர்கள் ஒருவரும் கேள்வியைக் கேட்டு முகம் சுழிக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது வீடு தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில். வீட்டுக்காரர் அல்போன்ஸ், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வெடுத்தவர். மாடியில் அவர் தனியாக இருந்தார். கீழ்வீடு வாடகைக்கு. நானா ஏற்கெனவே விசயத்தைச் சொல்லியிருந்தபடியால் நான் தாளை எடுக்கவேயில்லை.

"வாங்க மகள்," என்று உள்ளே கூட்டிப்போனார். அறைகளைக் காட்டவில்லை. நேராகக் கூடத்துக்கு நடுவே போய் நின்றார்.

"என்ட வைஃபை இங்கதான் வச்சது. தலைப்பக்கம் இந்தச் சுவர். கதிரை எல்லாத்தையும் மேல ஏத்தினா நாப்பது பேர் நிக்கலாம். மிச்சப் பேருக்கு ஒழுங்கையில தகரப் பந்தல் போடலாம், மரண உதவிச் சங்கத்தில தருவாங்க. பெட்டி இந்தக் கதவால நேரா வரும், திருப்பத் தேவையில்ல."

அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். சீமெந்து போட்ட ஒரு சிறிய முற்றம், ஒரு குழாய், ஒரு வடிகான்.

"உங்கட ஆக்கள் வீட்டில குளிப்பாட்டுவாங்க எல்லோ. நான் நேத்து வாளியால தண்ணி ஊத்திப் பாத்தன். தேங்கி நிக்கல்ல, ஓடுது. ஐயர் வந்து நெருப்பு வளக்கிறதும் இதிலயே செய்யலாம். புகை மேல வந்தா நான் யன்னலைச் சாத்துறன், எனக்கு ஒண்டுமில்ல."

நான் பார்த்த மற்ற வீடுகளிலெல்லாம் வீட்டுக்காரர்கள் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று காட்டினார்கள். தண்ணீர் போகிறதா என்று பார்த்து வைத்தவர் இவர் ஒருவர்தான். வேறு வேதத்து மனிதர், முன்பின் கண்டிராத என் அக்காவுக்காக, முதல்நாள் வாளியோடு குனிந்து நின்றிருக்கிறார். நான் குனிந்து குழாயைத் திறந்து மூடினேன். நௌஷாத் நானா கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் தலையை நிமிர்த்திக்கொண்டார்.

இஞ்சிப் பிளேன்ரீ குடித்துவிட்டு ஒழுங்கைக்கு வந்து அக்காவுக்கு எடுத்தேன்.

"கேட்டனியோ?"

"கேட்டன்."

"என்னவாம்?"

அல்போன்ஸ் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன், கதிரை, பந்தல், வாளித் தண்ணீர் எல்லாம்.

"அப்ப வாறன்," என்றாள்.

நான் பிடித்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அக்காவின் பிரேதத்துக்கு இடம் கிடைத்ததற்காகத் தெருவில் நின்று அவ்வளவு சந்தோசப்படுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஒழுங்கையில் போன ஒரு பெண்மணி, "என்ன மகள், திறப்பைத் தொலைச்சிட்டீங்களா?" என்று நின்று கேட்டார்.

ஒன்பதாம் நாள் காலை அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். துணைக்கு மானிப்பாய் அயல்வீட்டுக் கமலா. எனக்குப் பின்னேரம் விமானம். இரண்டு மாதத்தில் நீண்ட விடுப்பெடுத்து வருவதாக ஏற்பாடு. அக்கா பாதியாக மெலிந்திருந்தாள். சேலை மட்டும் வழக்கம்போல் மடிப்புக் குலையாமல் இருந்தது. நானாவின் ஆட்டோவிலிருந்து இறங்கி, யாருடைய கையையும் பிடிக்காமல் படியேறினாள்.

அல்போன்ஸ் கூடத்தில் காத்திருந்தார். அக்கா சுற்றிலும் பார்த்தாள். முன்கதவைப் பார்த்தாள், தலைப்பக்கச் சுவரைப் பார்த்தாள். கணக்கு ரீச்சர் விடைத்தாளைச் சரிபார்ப்பதுபோல் நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் சரிபார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஐயா, ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லாத ஒண்டுக்கு நீங்கள் ஓம் எண்டு சொன்னியளாம். அதுக்குத்தான் நான் வந்தனான்."

"அதுக்கு வந்தீங்களா?" அல்போன்ஸ் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் காட்டினார். நான் சொல்லியிருந்தபடி, மகரகமவில் முதல் மருந்தேற்றும் நாளைச் சுற்றி அவர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். "டீச்சர், செவ்வாய்க்கிழமை காலையில அஞ்சு மணிக்கு நாங்க வெளிக்கிடோணும், இல்லாட்டி டிராபிக்கில மாட்டுவம். முதல்ல அதுக்குப் போவம். மற்றதுக்கு என்ன அவசரம்? கூடம் இங்கதான் இருக்கும்."

அக்கா சிரித்தாள். நோய் என்று தெரிந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக் கூடத்தின் நடுவே உட்கார்ந்தாள். கமலாவிடம், "அடுப்பை மூட்டு பிள்ளை, பால் காய்ச்சுவம்," என்றாள்.